பெருக்கல் குறியை அமுக்குங்க

மாமியாரின் கைப்பை ஒரு நாற்காலியை முழுசாகப் பிடித்துக்கொண்டிருந்தது.

அந்த வரவேற்பறையில் இருந்ததே மூன்று நாற்காலி. ஓரத்தில் வழக்கைக் கொண்டுவந்த மாமியார், நடுவில் அவர் கைப்பை, அந்தப் பக்கம் துருவி. பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. தேங்காய் துருவுகிற மாதிரி எதை எடுத்தாலும் ஓடு தெரிகிற வரைக்கும் விடமாட்டார் என்பதால் ஊருக்கு அவர் துருவி. துப்பறிவது தொழில். அதற்கு முன் பல வருஷம் கம்ப்யூட்டர் திரைகளுக்கு புரோகிராம் எழுதிக் கண்ணைக் கெடுத்துக்கொண்டவர்.

அவருக்கு உதவியாளனாக வந்து வாய்த்தவன் மைத்துனன், அவர் மனைவியின் தம்பி. உட்கார இடமில்லாமல் சுவரோடு சாய்ந்து நின்றான். படி ஏறி வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை. லிஃப்ட் ரிப்பேர் என்று ஒட்டியிருந்த காகிதமே மஞ்சளாகிச் சுருண்டு கிடந்தது. ஊரில் இருக்கிற குளிர்பதனக் கிடங்குகளுக்கெல்லாம் எச்சரிக்கை மணி செய்து விற்கிற கம்பெனி இது. சொந்த லிஃப்டைப் பார்க்க நாதியில்லை.

"அம்மா, அந்தப் பையை மடியில வெச்சுக்கங்களேன். சார் நிக்கிறாரு பாருங்க," என்றாள் வரவேற்பாளர்.

"ஆள் வருது," என்றார் மாமியார்.

"யாரு?"

"வர்ற ஆளு."

வரவேற்பாளர் தன் வேலைக்குத் திரும்பினாள். மாமியாரிடம் இரண்டாவது கேள்வி கேட்டு ஜெயித்தவர்கள் யாரும் கிடையாது என்பது மைத்துனனுக்கு நேற்றே தெரிந்துவிட்டது. நேற்று அவர் துருவியின் அறைக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக ஆரம்பித்தார்.

"எனக்கும் என் மருமகளுக்கும் ஆகாது. அதை முதல்லயே சொல்லிடறேன். அவ பேச்சு பிடிக்காது, அவ போடற காபி பிடிக்காது. ஆனா அவ பாத்திரம் கழுவினா அடுப்பையும் மேடையையும் துடைச்சுட்டுத்தான் நகருவா. அரைகுறையா ஒரு வேலை செஞ்சு நான் பார்த்ததில்ல. அப்படிப்பட்டவ குழந்தைங்க மருந்தைக் கெடுத்துட்டாளாம். அவ வேலை பார்த்த கம்பெனில எவனோ ஒருத்தன் சொல்றான், மத்தவங்களும் தலையாட்டுறாங்க. நாளைக்கு மதியம் வக்கீல் வந்ததும் போலீஸ்ல புகாராம். அவளைக் கூட்டிக்கிட்டுப் போனா என் பேத்தி பள்ளிக்கூடத்துல எப்படித் தலை நிமிருவா?"

அந்த நாளைதான் இன்று. வக்கீல் சாப்பிட்டுவிட்டு வருவாராம். மருமகளைக் கட்டிடத்துக்குள் விடக்கூடாது என்று உத்தரவு. அவள் எதிர்சாரி டீக்கடையில் காத்திருந்தாள்.

உள்கதவு திறந்தது. முதலாளி வெளியே வந்து கையை நீட்டினார். நல்ல மனிதர் போலத்தான் இருந்தார். யார் கடைசியாகப் பேசினார்களோ அவர்கள் சொன்னதை நம்புகிற ஜாதி. பின்னால் வந்தவர் அப்படியல்ல. அவரை அலுவலகத்தில் சீஃப் என்றார்கள். தொழில்நுட்பம் மொத்தமும் அவர் கையில். முகவாயைத் தூக்கியே வைத்திருந்ததால் அவர் கண்ணில் எதிராளியின் நெற்றிக்குக் கீழே எதுவும் படுமா என்று மைத்துனனுக்குச் சந்தேகமாக இருந்தது.

"துப்பறியறவங்களா," என்றார் சீஃப். "சினிமாவுலதான் பார்த்திருக்கேன்."

"நாங்களும் உங்களை மாதிரி ஆளுங்களை அங்கதான் பார்த்திருக்கோம்," என்றான் மைத்துனன்.

துருவி அவன் காலை லேசாக மிதித்தார். அது அவர்களுக்குள் இருக்கிற ஏற்பாடு. மிதித்தால் நிறுத்த வேண்டும். மைத்துனன் பெரும்பாலும் நிறுத்துவதில்லை.

காட்சி அறை என்று ஒன்றுக்குக் கூட்டிப்போனார்கள். சுவர் நிறைய படங்கள். நடுவில் ஒரு மேஜை. மேஜை மேல் ஒரு திரை, மவுஸ், ஒரு சாம்பல் நிறப் பெட்டி. பெட்டியிலிருந்து நீண்ட ஒயர் ஒன்று தொங்கியது. அதன் முனையில் பென்சில் கனத்தில் ஓர் உலோகக் குச்சி.

"மருந்து கெட்ட கிடங்குல இருந்து கழட்டிக்கிட்டு வந்த அதே பெட்டி," என்றார் சீஃப். "எதையும் தொடல. ஆதாரம் பாருங்க. இந்தக் குச்சி குளிர் அறைக்குள்ள இருக்கும். சூடு ஏறினா திரையில சிவப்பா ஒரு ஜன்னல் வரும், மணி அடிக்கும். காவலாளி பார்த்துட்டு மூலையில இருக்கற பெருக்கல் குறியை அமுக்கி மூடுவார். அவர் மூடினாலும் சரி, தூங்கினாலும் சரி, சூடு இறங்கலேன்னா பெட்டி தானாவே பொறுப்பானவருக்கு போன் போட்டுடும். உங்களுக்குப் புரியற மாதிரிதானே சொல்றேன்?"

"இன்னும் கொஞ்சம் மெதுவா சொன்னா தூங்கிடுவோம்," என்றான் மைத்துனன்.

"பொறுப்பானவர் யாரு?" என்றார் துருவி.

"விடுமுறை நாள்ல நான்தான்," என்றார் முதலாளி. "அன்னிக்கு சிவப்பு ஜன்னல் வந்திருக்கு. காவலாளி மூடியிருக்கார். போன் போயிருக்கும்னு நெனச்சுக்கிட்டு அவர் பாட்டுக்கு இருந்திருக்கார். எனக்கு வரவே இல்ல. குழந்தைங்களுக்குப் போடற ஊசி மருந்து அத்தனையும் வீணாப் போச்சு. நல்ல வேளை, யாருக்கும் போடறதுக்கு முன்னாடி கண்டுபிடிச்சோம்."

"ஏன் போன் வரல?"

சீஃப் இதற்குத்தான் காத்திருந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பெட்டியை முடுக்கினார். திரை வெளுத்தது. உடனே சிவப்பு ஜன்னல் ஒன்று எழும்பி, மணி ஒரு தடவை அடித்து, தானாகவே மூடிக்கொண்டது.

"பயப்படாதீங்க. அது சுய பரிசோதனை. ஒவ்வொரு தடவை எழும்போதும் ஜன்னலைத் திறந்து மூடிப் பார்த்துக்கும். அதுக்கப்புறம்தான் கூடுதலா செருகியிருக்கற புரோகிராம்கள் ஏறும். இப்ப ஏறியாச்சு. இங்க பாருங்க." விரலால் திரையைத் தட்டினார். "இது அவ வெச்சுட்டுப் போனது. அவ பேர், வேலையை விட்ட அன்னிக்குத் தேதி. சின்னதுதான், ஆனா விஷம். ஓடிக்கிட்டிருக்கும்போதே, ஜன்னலை மூடற மெத்தடை, அதாவது அந்த வேலையைச் செய்யற துண்டு புரோகிராமை, கழட்டிட்டு அந்த இடத்துல தன்னோட மெத்தடை மாட்டுது. நாங்க எழுதற பைத்தான் மொழியில இதெல்லாம் சர்வ சாதாரணம். அப்புறம் காவலாளி ஜன்னலை மூடினா என்ன நடக்கும்? இவ மெத்தட் ஓடும். போனை ரத்து பண்ணிடும். ஒரு க்ளிக், அவ்வளவுதான்."

"ஓட்டிக் காட்டுவீங்களா?"

"ஏன் மாட்டேன்?"

அவர் தட்டச்சுப் பலகையில் எதையோ தட்டினார். மூடுகிற மெத்தடைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார் என்பது மைத்துனனுக்கே புரிந்தது. திரையின் அடியில் பச்சை எழுத்தில் ஒரு வரி வந்து நின்றது: அழைப்பு ரத்து.

"பார்த்தீங்களா?" சீஃப் நாற்காலியில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டார். "வேற என்ன வேணும்?"

மைத்துனன் கதவைப் பார்த்தான். மாமியாரின் முகம் நினைவுக்கு வந்தது. இதற்கு மேல் துருவ என்ன இருக்கிறது, பேசாமல் போய்க் கைப்பையோடு அந்த அம்மாவைப் படியிறக்கிக் கூட்டிப்போக வேண்டியதுதான் என்று தோன்றியது. துருவியோ திரையை விட்டுவிட்டு அதன் ஓரத்தில் இருந்த பொத்தான்களை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த 'அமைதி'ங்கற பொத்தான் என்ன சார்?"

"பராமரிப்புக்கு. அமுக்கினா போன் போகாது, மணி மட்டும் அடிக்கும். கண்டவன் அமுக்க முடியாது. கைரேகை கேக்கும். அவளுக்கும் எனக்கும்தான் இருந்துச்சு. அவ கைரேகையை அவ போன அன்னிக்கே அழிச்சுட்டேன். பாதுகாப்புல நாங்க கில்லாடிங்க."

"அது தெரியுது. எதுக்கு வேலையை விட்டாங்க?"

"திமிரு." சீஃப் சிரித்தார். "அவ எழுதின ஒவ்வொரு ஜன்னலுக்கும் மூடறதுக்குன்னு ஒரு மெத்தட் போட்டு வெச்சிருந்தா. உள்ள என்ன இருக்கும்னு நெனக்கறீங்க? ஒண்ணுமில்ல. 'வழக்கமா என்ன செய்வியோ அதையே செய்'ன்னு ஒரு வரி. அதை எழுதாமலே விட்டாலும் அதேதான் நடக்கும். குப்பை. நானே உக்காந்து எல்லா ஜன்னல்லயும் பெருக்கித் தள்ளினேன். கிடங்குக்கும் அதையே அனுப்பினேன். அதுக்குத்தான் அம்மணி குதிச்சா. எனக்கே பாடம் எடுக்க வந்தா. இந்தக் கதவு வழியா போயிடுன்னேன்."

"ரொம்ப சுத்தம்," என்றார் துருவி.

"வேலைன்னா சுத்தமா இருக்கணும்."

முதலாளி பேச்சை மாற்றுவதற்காகச் சுவரில் இருந்த படத்தைக் காட்டினார். கோட்டு போட்ட நாலைந்து பேருக்கு நடுவில் அவர் பல் தெரிய நின்றார். பின்னால் குளிர் அறையின் கதவு பப்பரப்பா என்று திறந்திருந்தது.

"வெளியூர்ல இருந்து நம்ம பெட்டி வாங்க வந்தவங்க. மருந்து கெடறதுக்கு முந்தின நாள் அதே கிடங்குல எடுத்தது. அன்னிக்கு எவ்வளவு சந்தோஷமா இருந்தோம். அறையைத் திறந்து திறந்து பார்த்தாங்க."

"திறந்து திறந்து," என்று துருவி திருப்பிச் சொல்லிக்கொண்டார். "சார், ஒரு டீ கிடைக்குமா? நல்லா சூடா. நான் கொஞ்சம் வெளிய காத்தாட நின்னுட்டு வர்றேன்."

வரவேற்பறைக்கு வந்ததும் மைத்துனன் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"மாமா, அவன் ஓட்டியே காட்டிட்டான். நாம என்ன பண்ணப் போறோம்? அந்தம்மா கிட்ட நீங்க சொல்லுங்க. எனக்கு பயமா இருக்கு."

துருவி வேறெதையோ பார்த்துக்கொண்டிருந்தார். பார்சல் கொண்டுவந்த ஆள் ஒருவன் வேர்த்து விறுவிறுத்து உள்ளே வந்தான். பெட்டியை வரவேற்பாளர் மேஜையில் வைத்தான். துருவி எழுந்துபோன நாற்காலியில் இப்போது வேறொருவர் உட்கார்ந்திருந்தார். பார்சல்காரன் நடு நாற்காலிப் பக்கம் போனான். கைப்பையைப் பார்த்தான். பேசாமல் திரும்பிவந்து சுவரோரமாக நின்றுகொண்டான்.

"மச்சான், அந்த ஆள் ஏன் உக்காரல?"

"பை இருக்கே மாமா."

"பைக்குள்ள என்ன இருக்கு?"

"எனக்கு எப்படித் தெரியும்? அணுகுண்டா இருக்கும். அந்தம்மா பை."

"ஒண்ணும் இல்ல," என்றார் மாமியார், காதைத் தீட்டி வைத்திருந்தவர். "காலிப் பை. இடம் பிடிக்கக் கொண்டுவந்தேன். போற இடத்துலல்லாம் நிக்க வெச்சுடுறாங்க அவளை."

துருவியின் முகம் மாறியது. மைத்துனன் அந்த மாற்றத்தை அடிக்கடி பார்த்ததில்லை. பார்த்த ஒவ்வொரு தடவையும் யாரோ ஒருவருக்குச் சனி பிடித்திருக்கிறது.

"எல்லாத்துக்கும் பையை எடுக்கச் சொல்ற ஆளுங்க இருக்காங்கம்மா," என்றார் துருவி. "எடுத்துடாதீங்க." பிறகு செல்போனை எடுத்து டீக்கடையில் இருந்த மருமகளைக் கூப்பிட்டார். கேட்டது ஒரே கேள்வி. அந்தக் காலி மெத்தடை ஏன் எல்லா ஜன்னலிலும் போட்டாய் என்பதுதான். பதிலைக் கேட்டு இரண்டு தடவை 'உம்' கொட்டினார். "மேல வாங்க. யார் தடுத்தாலும் முதலாளி கூப்பிட்டார்னு சொல்லுங்க. அவர் கூப்பிடத்தான் போறார்," என்று சொல்லிவிட்டு வைத்தார்.

காட்சி அறையில் டீ வந்திருந்தது. ஆவி பறந்தது. சீஃப் கடிகாரத்தைப் பார்த்தார்.

"வக்கீல் கிளம்பிட்டாராம். கண்ணு குளிரப் பார்த்துட்டீங்கன்னா..."

"ஒண்ணே ஒண்ணு பாக்கி சார். பெட்டி இப்ப கிடங்குல இருந்த அதே நிலைமையிலதானே இருக்கு? அவங்க செருகல் ஏறித்தானே இருக்கு?"

"ஆமா."

"சூடு ஏறினா போன் முதலாளிக்குத்தானே வரணும்?"

"வரணும். ஆனா வராது. அதுதானே விஷயம்."

துருவி உலோகக் குச்சியை எடுத்து டீக்குள் விட்டார். யாரும் வாயைத் திறப்பதற்குள் திரையில் சிவப்பு ஜன்னல் எழும்பியது. மணி காதைக் கிழித்தது.

"சீஃப், அந்தத் தட்டச்சுப் பலகையை அந்தப் பக்கம் தள்ளி வைங்க. மவுஸைப் பிடிங்க. காவலாளி மாதிரி மூலையில இருக்கற பெருக்கல் குறியை அமுக்குங்க."

"அதனால என்ன ஆகப் போகுது? அதேதான்..."

"அமுக்குங்க."

சீஃப் தோளைக் குலுக்கிக்கொண்டு அமுக்கினார். ஜன்னல் மூடிக்கொண்டது. மணி நின்றது. மைத்துனன் திரையின் அடியைப் பார்த்தான். பச்சை எழுத்தைக் காணோம். சீஃபும் அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தார். முகவாய் முதல் தடவையாகக் கொஞ்சம் கீழே இறங்கியது.

"மெதுவா வரும்," என்றார்.

டீ ஆறிக்கொண்டிருந்தது. குச்சி அதற்குள்ளேயே கிடந்தது. முதலாளி ஏதோ கேட்க வாயெடுத்தார்.

அவர் சட்டைப் பையில் செல்போன் அடித்தது.

எடுத்துப் பார்த்தவர், அதைச் சூடு பட்டவர் போல மேஜை மேல் வைத்தார். செல்போன் திரையில் கிடங்குப் பெட்டியின் எண். போன் அடித்துக்கொண்டே இருந்தது.

"எடுங்க சார். பெட்டிதான் கூப்பிடுது," என்றான் மைத்துனன். "பாவம், டீ சூடா இருக்குன்னு சொல்லணுமாம்."

"இது எப்படி?" என்றார் சீஃப். "நான் கூப்பிட்டப்ப ஓடுச்சே. எல்லாரும் பார்த்தீங்களே."

"நீங்க கூப்பிட்டா ஓடும்." துருவி நாற்காலியின் கைப்பிடியில் உட்கார்ந்துகொண்டார். "உங்களுக்குப் புரியற மாதிரி சொல்லட்டுமா? திரையில ஜன்னலைத் திறக்கறது, மூடறது, வரையறது, இதெல்லாம் அடியில வேற மொழியில எழுதியிருக்கற கருவிப்பெட்டி. சி பிளஸ் பிளஸ். மேல நீங்க எழுதறது பைத்தான். ஒருத்தர் பேசறது இன்னொருத்தருக்குப் புரியாது. நடுவுல பைண்டிங்னு ஒரு தரகர்."

"நமக்கு வீடு காட்டினாரே, கிணத்தை நீச்சல்குளம்னு சொல்லி, அந்த மாதிரியா மாமா?"

"இவர் பொய் சொல்ல மாட்டார். சோம்பேறி, அவ்வளவுதான். காவலாளி பெருக்கல் குறியை அமுக்கினா சேதி முதல்ல கீழதான் போகுது. கீழ இருந்து தரகர் மேல எட்டிப் பார்த்துக் கேப்பார், 'ஜன்னலை மூடறதுக்கு உங்க பக்கம் சொந்தமா ஆள் இருக்கா?' இருந்தா வேலையை அவங்கிட்ட விடுவார். அடுத்த தடவையும் கேப்பார். ஆனா ஒரே ஒரு தடவை 'யாரும் இல்ல'ன்னு தெரிஞ்சுட்டா, அந்த ஜன்னலுக்கு மனசுல குறிச்சு வெச்சுக்குவார். அப்புறம் தலைகீழா நின்னாலும் கேக்க மாட்டார். கீழயே முடிச்சுடுவார்."

"அதுக்கப்புறம் ஆள் வந்து உக்காந்தா?" என்றார் முதலாளி.

"உக்காந்து ஈ ஓட்டலாம். இப்ப பாருங்க. பெட்டி எழுந்ததும் சுய பரிசோதனை. சிவப்பு ஜன்னல் ஒரு தடவை திறந்து மூடுது. தரகர் அப்பவே கேட்டாச்சு. இந்தப் பொண்ணு ஒரு காலி மெத்தட் போட்டு வெச்சிருந்தாங்களே, அது இருந்த வரைக்கும் 'ஆள் இருக்கு'ன்னு பதில் போச்சு. அந்த மெத்தட் ஒரு வேலையும் செய்யல. நாற்காலில பையைப் போட்ட மாதிரி இடத்தைப் பிடிச்சு வெச்சுது. பின்னால யாராவது நியாயமான காரணத்துக்கு மாத்தணும்னா மாத்தலாம். அதுக்காகத்தான் போட்டேன்னு இப்பத்தான் போன்ல சொன்னாங்க. இதைத்தான் சீஃப்கிட்டயும் சொல்லியிருக்காங்க. அவர் சிரிச்சாராம்."

சீஃப் சிரிக்கவில்லை.

"இவர் சுத்தம் பண்றேன்னு பையை எடுத்துப் போட்டார். அன்னிலேர்ந்து பெட்டி எழுந்த ஒவ்வொரு தடவையும் தரகருக்குக் கிடைச்ச பதில் 'யாரும் இல்ல'. செருகல் ஏறுறது அதுக்கு அப்புறம். மெத்தடை மாட்டுது, உண்மைதான். தட்டச்சுப் பலகையில பேர் சொல்லிக் கூப்பிட்டா, அது பைத்தான் பக்கத்துக்குள்ளயே நடக்கற பேச்சு, அவன் எழுந்து வருவான். மவுஸால அமுக்கினா தரகர் வழியா வரணும். அவர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். மருந்து கெட்ட அன்னிக்கும் இந்தச் செருகல் ஒரு துரும்பைக்கூட அசைக்கல."

"அவ சரியா எழுதத் தெரியாம எழுதியிருப்பா," என்றார் சீஃப்.

"இதை அவங்க எழுதியிருந்தா வேலை செஞ்சிருக்கும் சார். வேலை செய்யலைங்கறதுதான் அவங்க எழுதலைங்கறதுக்கு ஆதாரம். இந்த விதி இந்தக் கட்டிடத்துல ஒருத்தருக்குத் தெரியும், அவங்களை நீங்க வெளிய அனுப்பிட்டீங்க. தெரியாத ஒருத்தர்தான் இதை எழுதியிருக்கணும். எழுதிட்டு, ஒரு தடவைகூடப் பெருக்கல் குறியை அமுக்கிப் பார்க்காம, பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்துட்டு, ஆகா ஓடுதுன்னு எழுந்து போயிருக்கணும். அந்தப் பழக்கம் யாருக்குன்னு இப்பத்தான் எல்லாரும் பார்த்தோம்."

மைத்துனனுக்குக் கைதட்ட வேண்டும் போல இருந்தது. கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டான்.

"அப்ப போன் ஏன் வரல?" என்றார் முதலாளி. "அன்னிக்கு எனக்கு ஏன் வரல?"

"அதை உங்ககிட்டத்தான் கேக்கணும்." துருவி சுவரில் இருந்த படத்தைக் காட்டினார். "முந்தின நாள் விருந்தாளிங்க குளிர் அறையைத் திறந்து திறந்து பார்த்தாங்க. கதவைத் திறந்தா சூடு ஏறும். சூடு ஏறினா உங்க போன் அடிக்கும். பேரம் பேசற நேரத்துல பையில போன் சும்மா சும்மா அடிச்சா நீங்க என்ன சொல்லியிருப்பீங்க?"

முதலாளி படத்தைத் திரும்பிப் பார்த்தார். நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தார்.

"அந்தச் சனியனை நிறுத்தித் தொலைன்னு சொன்னேன்," என்றார். "இவர்கிட்டத்தான் சொன்னேன்."

"அமைதிப் பொத்தான். கைரேகை வேணும். மருமகளோடது அழிச்சாச்சு. மிச்சம் இருக்கறது ஒரே விரல். அமுக்கினவர் விருந்தாளிங்க போன பிறகு எடுத்து விட மறந்துட்டார். மறுநாள் மருந்து போச்சு. மறந்துட்டேன்னு சொல்லியிருந்தா அது தப்பு, அதோட முடிஞ்சிருக்கும். இவர் என்ன பண்ணினார்? பொத்தானைச் சத்தமில்லாம எடுத்து விட்டார். அவங்க பேர்ல ஒரு செருகலை எழுதி, பழைய தேதியைப் போட்டு உள்ள வெச்சார். ஒரு பொண்ணு ஜெயிலுக்குப் போனா போகட்டும், நம்ம முகவாய் இறங்கக் கூடாது."

"விளக்கம் சொல்ல என்னை விடுங்க..." என்று சீஃப் ஆரம்பித்தார்.

"வக்கீல் வர்றார் சார். அவர்கிட்ட சொல்லுங்க," என்றான் மைத்துனன். "வீணா வர்றாரேன்னு கவலைப்பட்டேன். ஆளு உண்டு, கேசு உண்டு, பேர் மட்டும்தான் மாறியிருக்கு."

துருவி காலை மிதிக்கவில்லை.

சீஃப் அறையை விட்டு வெளியே போனார். பின்னாலேயே போன மைத்துனன் அடுத்து நடந்ததைக் கண்ணால் பார்த்தான். வரவேற்பறையில் நடு நாற்காலியைப் பார்த்துச் சீஃப் கையை நீட்டினார், பையைத் தள்ளிவிட்டு உட்கார்ந்துவிடலாம் என்று.

"ஆள் வருது," என்றார் மாமியார். தலையைக்கூடத் திருப்பவில்லை.

சீஃப் நின்றார். சுவரோரமாகப் பார்சல்காரன் நின்ற இடத்தில் போய் நின்றுகொண்டார்.

படியில் காலடிச் சத்தம் கேட்டது. மருமகள் மூச்சிரைக்க உள்ளே வந்தாள். சின்ன உருவம், கலைந்த தலை, சரியாகத் தூங்காத கண். வரவேற்பாளர் எழுந்து தடுக்கப் போனவள், முதலாளி ஓட்டமும் நடையுமாக வருவதைப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

மாமியார் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"உக்காரு. இப்படியா தலையை விரிச்சுப் போட்டுக்கிட்டு வருவே?"

"சரி அத்தை," என்றாள் மருமகள். உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகுதான் கண் நிரம்பியது. மாமியார் அதைப் பார்க்காத மாதிரி பையின் ஜிப்பை இழுத்துச் சரிபண்ணிக்கொண்டிருந்தார். கை மட்டும் ஒரு தடவை பக்கத்து முழங்காலைத் தொட்டுவிட்டு வந்தது.

முதலாளி எதிரே வந்து நின்றார். வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"அம்மா, பெரிய தப்பு நடந்துபோச்சு. நான் தீர விசாரிச்சிருக்கணும். புகார் கிடையாது, உங்க பேர்ல ஒண்ணும் கிடையாது. என் அறைக்கு வாங்க, உக்காந்து பேசலாம். நீங்க திரும்பி வந்து இதையெல்லாம் சரி பண்ணிக் கொடுத்தா..."

மருமகள் எழுந்திருக்கப் போனாள். மாமியார் அவள் முழங்காலை அமுக்கிப் பிடித்தார்.

"அவ இப்பத்தான் உக்காந்திருக்கா," என்றார் முதலாளியைப் பார்த்து. "நீங்க நின்னுக்கிட்டே சொல்லுங்க."